வேளாண் பொறியியல் படித்த டெல்டாப் பிள்ளைகளுக்கு: அரசுப் பணியா, நிறுவனமா, சொந்த இயந்திர மையமா?

குமுளூரிலோ கோவையிலோ தனியார் கல்லூரி ஒன்றிலோ வேளாண் பொறியியல் முடித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோர்களும் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். தேர்வாணையத் தேர்வுக்கு உட்காருவதா, கிடைத்த நிறுவன வேலைக்குப் போய்விடுவதா, அல்லது மானியத்தில் அறுவடை வண்டி எடுத்து ஊரிலேயே வாடகைக்கு ஓட்டுவதா? நான் பாபநாசம் வட்டத்தில் பிறந்தவன். நான்கு ஆண்டுகள் தனியார் நிறுவனத்திலும், பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசுத் துறையிலும் இருந்தேன். என் மைத்துனர் அறுவடை வண்டி வைத்திருந்த காலத்தில் அதற்குக் கணக்கெழுதியவனும் நான்தான். ஆகவே மூன்று வழிகளையும் ஓரளவு உள்ளிருந்து பார்த்திருக்கிறேன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிய ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். காவிரி டெல்டாவில் வேளாண் பொறியாளர் வயலில் இறங்கினால், "இலை சுருட்டுப் புழு விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம் சார்?" என்று கேட்காத விவசாயி குறைவு. அது வேளாண்மை அலுவலரின் வேலை. பயிருக்கும் பூச்சிக்கும் அவர் பொறுப்பு என்றால், நிலத்தின் மட்டம், பாசனம், வடிகால், மோட்டார், உழவு முதல் அறுவடை வரையிலான இயந்திரங்கள், அறுத்த நெல்லின் ஈரம், உலர்த்தல், சேமிப்பு ஆகியவை நம்முடைய பொறுப்பு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டிய நெல் சாலையோரத்தில் காய்ந்து கிடக்கிறதே, அது எந்தப் பூச்சிமருந்தாலும் தீராத, முழுக்க முழுக்கப் பொறியியல் சார்ந்த சிக்கல். கேட்டவருக்கு மருந்தின் பெயர் சொல்லத் தெரியவில்லை என்று கூச வேண்டியதில்லை.

## எதை வைத்து ஒப்பிடுவது?

சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவோர் ஐந்தாண்டுகளில் மனம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். நான் ஐந்து கேள்விகளைக் கேட்கிறேன். முதல் வருமானம் கைக்கு வர எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? ஒரு நாள் வேலையில் படித்த பொறியியலுக்கு எவ்வளவு இடம் இருக்கும்? சொந்த ஊரில், அல்லது டெல்டாவுக்குள்ளாவது இருக்க முடியுமா? ஐந்தாண்டு கழித்து மனம் மாறினால் வேறு எந்தக் கதவு திறந்திருக்கும்?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் மற்ற நான்கையும்விடக் கனமானது என்பது என் கருத்து. காவிரி நீரை நம்பி நடக்கும் எந்தத் தொழிலும் தேதி தவறும் தொழில்தான். மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்பட வேண்டும் என்பது மரபு. ஆனால் 2024-ஆம் ஆண்டில் ஜூலை 28-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆற்றுநீரை மட்டும் நம்பியிருந்த வயல்களில் குறுவை என்னும் முதல் போக நெல்லைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் போனது. அரசு ஊழியருக்கு அந்த மாதமும் சம்பளம் வந்தது. நிறுவன ஊழியருக்கு விற்பனை இலக்கு தவறியது. வண்டி வைத்திருந்தவருக்குத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

## அரசுத் துறை

தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்வதற்கான வழி, தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு. பாடத்தாளோடு பொது அறிவும், தேறியே ஆக வேண்டிய தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. ஆங்கில வழியில் படித்து, தமிழைப் பள்ளியோடு விட்டுவிட்டவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். தொடக்க அடிப்படை ஊதியம் 37,700 ரூபாய், அகவிலைப்படி தனி.

வேலை என்னவென்றால், இயந்திர மானிய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது, துறையின் டிராக்டர், அறுவடை இயந்திரம், மண் தள்ளும் வண்டி ஆகியவற்றை உழவன் செயலியில் பதிவு செய்த விவசாயிகளுக்கு முறைப்படி வாடகைக்கு அனுப்புவது, சூரிய சக்தி பம்புசெட் அமைப்பது, பண்ணைக்குட்டை வெட்டுவது, மேட்டூர் திறப்பதற்கு முன் 'சி', 'டி' வாய்க்கால்கள் எனப்படும், வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு கிளை வாய்க்கால்களைத் தூர்வாருவது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஒரு பண்ணைக்குட்டையை எடுத்துக்கொள்வோம். மேல்பக்கம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர். வெட்டியவர் 30 பெருக்கல் 30 பெருக்கல் 1.5 என்று போட்டு 1,350 கன மீட்டருக்குப் பட்டியல் கொண்டுவருவார். கரை சரியாமல் இருக்க ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவு விட்டிருந்தால், அடிப்பக்கம் 25.5 மீட்டர்தான் இருக்கும். நடு ஆழத்தில் 27.75 மீட்டர். மேல், நடு, அடிப் பரப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 1,158 கன மீட்டர். மீதி 192 கன மீட்டர் மண் எங்கும் வெட்டப்படவே இல்லை. அளவுப் புத்தகத்தில் கையெழுத்திடும் பொறியாளர் நாடாவை எடுத்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கினாரா, கரையிலேயே நின்றாரா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். பணியில் நான் பெற்ற மரியாதையும் சம்பாதித்த பகையும் பெரும்பாலும் இந்த நாடாவினால் வந்தவை.

மறைமுகச் செலவுகளில் முதலாவது, காத்திருக்கும் காலம். வேளாண் பொறியியல் துறைக்கான இடங்கள் சிவில் பிரிவு இடங்களோடு ஒப்பிட மிகக் குறைவு. அறிவிப்பு, தேர்வு, முடிவு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று ஒரு சுற்று முடியவே நாள் ஆகும்; ஒரு சுற்றில் தவறினால் அடுத்ததற்கு மீண்டும் அதே காத்திருப்பு. பயிற்சி மையக் கட்டணமும் சென்னையிலோ திருச்சியிலோ அறை வாடகையும் கண்ணுக்குத் தெரியும் செலவுகள். இருபத்தாறு வயதில் எந்த வேலை அனுபவமும் இல்லாமல் நிற்பது கண்ணுக்குத் தெரியாத செலவு. இரண்டாவது, இட ஒதுக்கீடு நம் கையில் இல்லை. திருவாரூர்க்காரருக்குத் தருமபுரி கிடைக்கலாம். மூன்றாவது, கோப்பு. மார்ச் மாதத்தில் நிதி முடிப்பதற்கான அவசரத்தில், வயலில் கழிய வேண்டிய நாள்கள் கணினியின் முன் கழியும். இதில் சலித்துப்போய் இயந்திரத்தின் பெயரையே மறந்துவிட்ட நல்ல பொறியாளர்களை நான் அறிவேன்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? வீட்டில் வேறு வருமானம் இருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கக்கூடியவர்களுக்கும், கடன் வாங்கவே கூடாத நிலையில் இருப்பவர்களுக்கும் இதுவே நல்ல வழி. வயல்வேலைக்கு அனுப்பத் தயங்கும் வீட்டுப் பெண்களுக்கும் இது மற்ற இரண்டையும்விடச் சாதகமானது. ஒரு பெண் உதவிப் பொறியாளர் துறை வாகனத்தில் வந்து மட்டக்கருவியை நிறுத்தினால் ஊர் கேள்வி கேட்காது. அதே பெண் நிறுவன விற்பனைக்கு இருசக்கர வாகனத்தில் தனியாக வந்தால் பத்துக் கேள்வி வரும். இது சரியென்று நான் சொல்லவில்லை. நிலவரம் இன்றும் இப்படித்தான் இருக்கிறது.

## தனியார் நிறுவனம்

டிராக்டர், அறுவடை இயந்திர நிறுவனங்களில் சேவைப் பொறியாளர் அல்லது விற்பனைப் பகுதிப் பொறுப்பாளர், சொட்டுநீர்ப் பாசன நிறுவனங்களில் வடிவமைப்புப் பொறியாளர், நவீன அரிசி ஆலைகளிலும் உணவு பதப்படுத்தும் தொழிற்சாலைகளிலும் உற்பத்திப் பிரிவு என்று பாதைகள் பல. கல்லூரி வளாகத்திலேயே வேலை கிடைத்துவிட்டால் காத்திருப்பு இல்லை. தொடக்க ஊதியம் அரசு உதவிப் பொறியாளரின் ஊதியத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. ஆனால் திறமை உள்ளவர்களுக்கு அது வேகமாக ஏறும்.

பொறியியல் அறிவு என்ற அளவுகோலில், மூன்று வழிகளில் இதுவே முதலிடம் பெறுகிறது என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். குறிப்பாகச் சேவைப் பிரிவு. பருவத்தின் உச்சத்தில் நாளொன்றுக்கு நான்கைந்து வண்டிகள் நின்றுபோன இடத்துக்கு ஓடி, கதிரடிக்கும் உருளைக்கும் அடிச்சல்லடைக்கும் இடையே உள்ள இடைவெளியைத் திருத்தி, பின்னால் கொட்டும் வைக்கோலைக் கையில் அள்ளி ஊதிப்பார்த்து எத்தனை நெல்மணி வீணாகிறது என்று எண்ணிச் சொல்லும் அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது. என் முதல் வேலையில் இரண்டு சம்பா அறுவடைகளில் கற்றதை வைத்துத்தான் பின்னர் துறையில் இருபது ஆண்டுகளை ஓட்டினேன்.

ஆனால் டெல்டாவில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்கும் இந்த வேலைக்கும் பெரிதாகப் பொருத்தமில்லை. சொட்டுநீரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. இருந்தும் நெல் வயலில் அதற்கு வேலை இல்லை. திருவையாற்றுப் பக்கத்து வாழைக்கும் ஆங்காங்கே உள்ள கரும்புக்கும் தோட்டக்காலுக்கும்தான் வேலை. எனவே நிறுவனம் உங்களைத் திண்டுக்கல்லுக்கோ சேலத்துக்கோ அனுப்பும். டிராக்டர் நிறுவனமாக இருந்தால் இரண்டாவது பணிமாற்றம் மத்தியப் பிரதேசமாகவும் இருக்கலாம். இந்தி பேசத் தெரியாத தஞ்சாவூர்க்காரர் அங்கே முதல் ஆறு மாதங்கள் படும் பாடு தனிக் கதை.

இங்குள்ள மறைமுகச் செலவு, இலக்கு. பொறியாளராகச் சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டில் விற்பனையாளராகவும், ஐந்தாம் ஆண்டில் முகவர்களிடம் நிலுவை வசூலிப்பவராகவும் மாறிப்போவது இந்தத் துறையில் சாதாரணம். நான் வேலை பார்த்த நிறுவனத்தில், ஒரு மார்ச் மாதம், விவசாயியின் நிலத்துக்குப் பொருந்தாத அதிகக் குதிரைத்திறன் வண்டியை அவர் தலையில் கட்டச் சொன்னார்கள். மூன்று மா நிலத்துக்கு, அதாவது ஓர் ஏக்கருக்கு, அந்த வண்டி எதற்கு என்று நான் கேட்டதற்கு, "நீங்க இன்ஜினியரா, சேல்ஸா, முதல்ல முடிவு பண்ணுங்க" என்று மேலாளர் சொன்னார். மறு ஆண்டு நான் தேர்வு எழுதினேன். எல்லா நிறுவனங்களும் இப்படி என்று சொல்லமாட்டேன், ஆனால் நேர்காணலிலேயே "சேவைப் பிரிவா, விற்பனைப் பிரிவா, எத்தனை ஆண்டுக்கு?" என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

## சொந்த இயந்திர வாடகை மையம்

இந்தப் பகுதியைத்தான் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கவர்ச்சிக்குக் காரணம் மானியங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், வாடகை மையம் அமைக்கும் தொழில்முனைவோருக்குத் திட்டச் செலவில் 40 சதவீதம் வரை மானியம் உண்டு. 2020-இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியில், 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஏழாண்டுகளுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி உண்டு. 2002 முதல் நடக்கும் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டத்தில் 45 நாள் இலவசப் பயிற்சியும், அதன் பின் வங்கிக் கடனோடு இணைந்து பொதுப் பிரிவினருக்கு 36 சதவீத மானியமும், பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 44 சதவீத மானியமும் கிடைக்கும். வேளாண் பொறியியல் பட்டதாரிகள் இதற்குத் தகுதியானவர்கள். டெல்டாவில் இதைப் பயன்படுத்திக்கொள்வோர் குறைவு என்பது என் வருத்தம்.

மானியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பிள்ளைகளின் மனம் பெல்ட் வண்டிக்கு, அதாவது டயருக்குப் பதில் பட்டையில் நகரும் அறுவடை இயந்திரத்துக்குத் தாவுகிறது. நம் களிமண்ணில் டயர் வண்டி இறங்கினால் புதையும். பெல்ட் வண்டிதான் சேற்றில் நடக்கும். ஊரில் எல்லோரும் அதைத்தான் தேடுகிறார்கள். ஆகவே அதை வாங்கினால் பணம் கொட்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்போம். எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

வண்டி 30 லட்சம் என்றும், பத்தாண்டு கழித்து 3 லட்சத்துக்குப் போகும் என்றும் வைத்துக்கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 2.70 லட்சம். சராசரி முதலீடான 16.5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி 1.65 லட்சம். காப்பீடு, கொட்டகை முதலியவற்றுக்கு விலையில் 3 சதவீதம், அதாவது 90,000. பழுதுக்கு விலையில் 5 சதவீதம், 1.50 லட்சம். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஆண்டுக்கு 6.75 லட்சம் செலவு நம் தலையில் ஏறியாகிவிட்டது. ஓடும்போது மணிக்கு ஒன்பது லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 840 ரூபாய், ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் 250 ரூபாய், ஆக 1,090 ரூபாய். மணிக்கு 2,500 ரூபாய் வாடகை என்றால் கையில் மிஞ்சுவது 1,410. அசலுக்கு அசல் வர வேண்டுமென்றால் வண்டி ஆண்டுக்கு 479 மணி நேரம் ஓட வேண்டும். 40 சதவீத மானியம் முழுமையாகக் கிடைத்து முதலீடு 18 லட்சமாகக் குறைந்தால், அதே கணக்கில் 351 மணி நேரம். தரகர் மணிக்கு 100 ரூபாய் எடுத்தால் இரண்டு எண்களும் ஏறும்.

டெல்டாவில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்? குறுவைக்கு 25 நாள், சம்பா தாளடிக்கு 40 நாள் என்று தாராளமாகவே வைப்போம். காலைப் பனி காயாமல் கதிர் அடிபடாது என்பதால் பத்து மணிக்கு முன் வண்டியை இறக்க முடியாது. நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 455 மணி. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாசலில் நடப்பதால் மழை, பழுது, புதைதல், வயல் மாற்றும் நேரம் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 300 மணி நேரம்தான் மிஞ்சுகிறது. மானியத்தோடுகூட டெல்டாவை மட்டும் நம்பினால் அசல் தேறாது! ஆத்தூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் நம் ஊருக்கு வண்டிகள் வருவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் ஒரு பருவத்தை நம்பாமல், பயிர் முதிரும் ஊர்களைத் தொடர்ந்து போகிறார்கள். என் மைத்துனர் போகவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்றாம் ஆண்டு வண்டியை விற்றார்.

புதைந்த வண்டியைப் பார்க்காதவர்கள் இதை எளிதாக எண்ணக்கூடாது. வலங்கைமான் பக்கம், தாளடி வயலில், வாய்க்காலை ஒட்டிய ஒரு தாழ்வான மூலையில் அவருடைய வண்டி ஒரு பக்கமாக இறங்கியது. பெல்ட்டின் மேல் விளிம்பு வரை சேறு. பின்னுக்கு எடுக்க எடுக்க இன்னும் ஆழமாகப் போனது. தென்னை மட்டைகளையும் மூங்கில் கழிகளையும் அடியில் திணித்து, இரண்டு டிராக்டர்களை வரப்பில் நிறுத்தி இழுத்து, இரவு பதினொரு மணிக்கு வெளியேற்றினோம். அன்றைய வாடகை, இழுத்த டிராக்டர்களுக்கான கூலி, நசுங்கிய கதிருக்காக விவசாயி கழித்துக்கொண்ட தொகை என்று கணக்கெழுதினால் கழித்தல்தான். அந்த மூலையில் வடிகால் அடைத்திருந்தது காலையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. கம்பை ஊன்றிப் பார்த்திருந்தால் போதும். பொறியாளர் வண்டி வைத்தாலும் கூலிக்கு ஓட்டுபவர் வயலை நடந்து பார்ப்பதில்லை.

நிலுவை இன்னொரு மறைமுகச் செலவு. "நெல்லுக் காசு வரட்டும் மாப்பிள்ளை" என்று சொல்லும் பங்காளியிடம் கறாராகப் பேச முடியாது. கொள்முதல் நிலையத்தில் பணம் வர நாளானால் நமக்கும் நாளாகும். வெளியூர் வண்டிக்காரருக்குக் கையில் கொடுத்து அனுப்பும் அதே விவசாயி, உள்ளூர் வண்டிக்குப் பொங்கல் கழித்துத் தருவார்.

அப்படியானால் சொந்த மையமே கூடாதா? கூடும், தொடங்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். அறுவடை வண்டியில் தொடங்காமல், நடவு இயந்திரத்துக்கான நாற்றை வளர்க்கும் நாற்றுத் தட்டில் தொடங்கலாம் என்பது நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் யோசனை. பின்னால் நடந்தபடி இயக்கும் நான்கு வரிசை நடவு இயந்திரத்தின் விலை அறுவடை வண்டியின் விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நடவுக்கு ஆள் கிடைக்காத தட்டுப்பாடு எல்லா ஊரிலும் உண்டு. இயந்திரத்தைவிட முக்கியம், பாய் நாற்றங்கால். பதினைந்து முதல் பதினெட்டு நாள் வயதில், வேர்கள் பின்னிப் பாய்போல் சுருட்டி எடுக்கும்படி நாற்று வளர வேண்டும்; விதை அடர்த்தி ஒரே சீராக இல்லாவிட்டால் நடவில் இடைவெளி விழும். இதைச் சரியாகச் செய்ய ஊரில் ஆள் இல்லை. நாற்றையும் நடவையும் சேர்த்து ஏக்கர் கணக்கில் ஒப்பந்தமாக எடுத்தால் பொறியாளரின் அறிவுக்கு நேரடியாகக் காசு கிடைக்கும்.

நம் மண்ணுக்கு உரிய ஒரு நுணுக்கமும் இதில் உண்டு. களிமண் வயலைச் சேறடித்த அன்றே இயந்திரத்தை இறக்கினால், மிதவைப் பலகை தள்ளும் சேறு பக்கத்து வரிசை நாற்றை மூடிவிடும். ஒன்று அல்லது இரண்டு நாள் சேறு படியவிட்டு, நீரை விரல் கணு அளவுக்கு வடித்த பிறகே நட வேண்டும். விவசாயி அவசரப்படுவார். பொறுத்திருக்கச் சொல்லி அவரை ஒப்புக்கொள்ள வைப்பதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதிதான். வயல் மட்டமாக இல்லாவிட்டால் இதெல்லாம் வீண் என்பதால், இரண்டாம் ஆண்டில் லேசர் சமன்படுத்தும் கருவியைச் சேர்க்கலாம். அதற்கான பருவம், தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடை. வைக்கோல் கட்டும் இயந்திரம் அறுவடைக்குப் பின். இப்படிக் கோடை, நடவு, அறுவடைக்குப் பின் என்று ஆண்டில் மூன்று வேளைக்கு வேலை இருக்குமாறு இயந்திரங்களைத் தேர்ந்தெடுப்பதே சொந்த மையத்தின் உயிர்நாடி.

## மேற்படிப்பும் பிறவும்

முதுகலை, ஆராய்ச்சி என்று போக விரும்புவோருக்கு 'கேட்' தேர்வில் வேளாண் பொறியியலுக்குத் தனித் தாள் உண்டு, கரக்பூர் ஐ.ஐ.டி.யும் போபால் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனமும் கனவு காணத் தகுந்தவை. நெல் பதப்படுத்துதலில் ஆர்வம் இருந்தால் தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கும் நம் பட்டம் செல்லும். நல்ல வேலைதான், ஆனால் அதன் பிறகு நீங்கள் வங்கிக்காரர்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | அரசுத் துறை | தனியார் நிறுவனம் | சொந்த மையம் |
|---|---|---|---|
| முதல் வருமானம் | இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம் | உடனே | முதல் பருவத்தில். லாபம் அல்ல |
| நட்டம் யாருக்கு | அரசுக்கு | நிறுவனத்துக்கு. இலக்கு நமக்கு | முழுக்க நமக்கு |
| பொறியியலின் பங்கு | நாடா பிடிப்பவரைப் பொறுத்தது | சேவைப் பிரிவில் மிக அதிகம் | அதிகம், வசூலும் சேர்ந்து |
| டெல்டாவில் இருத்தல் | நிச்சயமில்லை | பெரும்பாலும் இல்லை | உண்டு |
| மறைமுகச் செலவு | காத்திருந்த ஆண்டுகள் | இடமாற்றம், மார்ச் மாதம் | நிலுவை, வேலையில்லா மாதங்கள் |
| ஐந்தாண்டுக்குப் பின் | வெளியேற மனம் வராது | மற்ற இரண்டுக்கும் போகலாம் | கடன் முடிந்தால்தான் போகலாம் |

## எந்த வீட்டுக்கு எது?

இந்த ஆண்டு என்னிடம் வந்த மூவருக்குச் சொன்ன பதில்களையே இங்கே எழுதுகிறேன்.

மன்னார்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன். ஒரு வேலி நிலம், அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அப்பா விவசாயத்தைப் பார்த்துக்கொள்கிறார், தங்கைக்குப் படிப்பு முடியவில்லை. அவன் பெல்ட் வண்டிக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தான். அதைத் திரும்பப் பெறச் சொன்னேன். இரண்டு ஆண்டு ஏதாவது ஓர் இயந்திர நிறுவனத்தின் சேவைப் பிரிவில் கை அழுக்காகட்டும். முடிந்தால் ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ள மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையத்தில் ஒரு பயிற்சி எடுக்கட்டும். அதன் பின் சொந்த வயலில் ஒரு பருவம் பாய் நாற்றங்கால் போட்டுப் பார்த்துவிட்டு நடவு இயந்திரம் வாங்கலாம் என்றேன். முகம் வாடித்தான் போனான்.

கும்பகோணத்துப் பையனுக்கு நிலம் இல்லை; அப்பா பாத்திரக்கடையில் கணக்கர். தேர்வு எழுதிக்கொண்டே நிறுவன வேலைக்கும் போகலாம் என்றேன். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று பயிற்சி மையத்தில் சொல்வார்கள். கட்டணம் வாங்குபவர்கள் வேறு எப்படிச் சொல்வார்கள்? பாடத்தாளில் பாதி, வயலில் நாள்தோறும் தொட்டுப் பார்க்கும் பொருள்தான். ஆனால் இரண்டு முயற்சிக்கு மேல் வேண்டாம் என்று நாள் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றாவதாக வந்தவர் திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்த ஒரு பெண், தம் அப்பாவுடன் வந்தார். அப்பாவுக்கு அரசுப் பணிதான் வேண்டும். மகளுக்குச் சொந்த மையம். அப்பா சொல்வதில் நியாயம் இருந்தது, மகள் கொண்டுவந்திருந்த தாளில் கணக்கு இருந்தது. அவர்கள் ஊரில் இரண்டு சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த மொத்தம் நாற்பது பெண்கள் நடவுக் கூலி வேலையைக் கூட்டாக எடுத்துச் செய்கிறார்களாம். அவர்களுக்கே நாற்றுத் தட்டுப் பயிற்சி கொடுத்து, இயந்திரத்தை அவர்களைக் கொண்டே இயக்கினால், நடவு இயந்திரம் வந்து எங்கள் வேலையைப் பறித்தது என்ற பேச்சு எழாது என்று யோசித்திருந்தார். என் இருபதாண்டுப் பணியில் எனக்குத் தோன்றாத யோசனை அது. 44 சதவீத மானியத்துக்கான 45 நாள் பயிற்சியில் முதலில் சேரட்டும், தேர்வாணைய அறிவிப்பு வந்தால் ஒருமுறை எழுதட்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னேன். அப்பா பதில் பேசவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது மகளிடம், "தட்டு ஒண்ணு என்ன விலைன்னு சொன்ன?" என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.